பாலத்துக்குக் காவல்

கேள்வி: போர்க்காலத்தில் ஆற்றுப் பாலத்தை எதிரியிடமிருந்து எப்படிக் காப்பாற்றுவார்கள்? மூடிவைக்கவா முடியும்?

பதில்: மூடத்தான் முடியாது, ஆனால் மேலே, கீழே, நடுவே என்று மூன்று பக்கமும் காவல் போடலாம். இரண்டாம் உலகப் போரில், 1945 மார்ச் 7 அன்று ஜெர்மனியில் ரைன் நதி மேலிருந்த ரெமாகன் ரயில் பாலம் அமெரிக்கர் கையில் சிக்கியது. அதை ஒழித்துக்கட்ட ஜெர்மானியர் பீரங்கி, ஜெட் விமானம், வி-2 ராக்கெட் எல்லாவற்றையும் ஏவினார்கள். கடைசியில், அமெரிக்கர் பக்கத்தில் கட்டியிருந்த மிதவைப் பாலத்தைத் தகர்க்க வெடிகுண்டோடு நீச்சல் வீரர்களையும் அனுப்பினார்கள்.

அமெரிக்கர் கரையெங்கும் விமான எதிர்ப்புப் பீரங்கிகளை நிறுத்தினார்கள். தாழப் பறக்கும் விமானங்களைத் தடுக்க பலூன்களைப் பறக்கவிட்டார்கள். மிதந்து வரும் கண்ணிவெடிகளைப் பிடிக்க ஆற்றின் குறுக்கே வலைத் தடுப்பு கட்டினார்கள். இரவில் டாங்கிகளில் பொருத்திய விளக்குகள் தண்ணீரைத் துழாவின. நீச்சல் வீரர்கள் அந்த வெளிச்சத்தில்தான் மாட்டினார்கள்.

இத்தனை காவல் இருந்தும், ஏற்கெனவே அடிபட்டிருந்த பாலம் மார்ச் 17 அன்று தானாகவே இடிந்து விழுந்தது. பழுது பார்த்துக்கொண்டிருந்த பொறியியல் படை வீரர்கள் பலர் மாண்டார்கள். ஆனால் படை நிற்கவில்லை. பக்கத்திலேயே மிதவைப் பாலங்கள் தயாராக இருந்தன.

இதே போரில் சோவியத் படையினர் வேறு வழி கண்டார்கள். தண்ணீருக்குச் சற்றுக் கீழே பாலம் கட்டினார்கள். விமானத்திலிருந்து பார்ப்பவனுக்கு வெறும் ஆறுதான் தெரியும்!

ஒரு பாலத்துக்குச் சிறந்த காவல், பக்கத்தில் தயாராக நிற்கும் இன்னொரு பாலம்தான்.