முந்திப் புறப்பட்டவர்

கேள்வி: எனக்கும் அண்ணனுக்கும் முழங்கால் மூட்டு மாற்று அறுவை சிகிச்சை நடந்தது. பிரிக்பீல்ட்ஸில் இருக்கும் அவர் ஸ்காட் ரோடு கந்தசாமி கோயில்வரை நடக்கிறார். நான் இன்னும் வாக்கரோடு! பெண் உடம்பு பலவீனமா?
– வாசகி, கிள்ளான்

பதில்: இல்லையம்மா. அண்ணன் வேகமாகப் போகவில்லை, முந்திப் புறப்பட்டுவிட்டார். பெண்கள் பலர் தைலம் தேய்த்தே வருஷங்களை ஓட்டி, தொடைத் தசை இளைத்த பிறகுதான் ஆபரேஷனுக்குச் சம்மதிக்கிறார்கள். பின்னால் இருந்து தொடங்குவதால் பின்தங்கியதுபோலத் தெரிகிறது. முன்னேறும் அளவில் ஆண்களுக்குக் குறைந்தவர்கள் அல்ல.

இந்தத் தாமதத்தில் டாக்டர்களுக்கும் பங்குண்டு. கனடாவில் 2008இல் வெளியான ஆய்வுக்காக, ஒரே அளவு தேய்மானமுள்ள ஓர் ஆணையும் ஒரு பெண்ணையும் டாக்டர்களிடம் அனுப்பினார்கள். ஆணுக்கு இந்தச் சிகிச்சையைப் பரிந்துரைத்தவர்கள் 67 சதவீதம்; பெண்ணுக்கு 33! படித்தபோது எனக்குக் கோபமே வந்தது.

ஆபரேஷனுக்குப் பிறகு அண்ணனுக்கு அண்ணி சாப்பாடு பரிமாறியிருப்பார். நீங்களோ அடுப்படியில் நின்றிருப்பீர்கள். நிற்பது பயிற்சி ஆகாது. குதிகாலுக்கு அடியில் சுருட்டிய துண்டை வைத்து, முழங்காலைக் கீழ்நோக்கி அழுத்தி ஐந்து விநாடி பிடியுங்கள். எத்தனை முறை என்று பிசியோதெரபிஸ்டிடம் கேளுங்கள். வாக்கரை விடும்வரை சோறு வடிப்பது உங்கள் வீட்டுக்காரர் வேலை.