உச்சிவேளைப் பிசாசு

மனம் ஓரிடத்தில் நிற்காததற்குக் கைபேசியைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது இன்றைய வழக்கம். கைபேசிக்கு ஒரு நல்ல வக்கீல் வாய்த்தால், 4-ஆம் நூற்றாண்டு எகிப்தியத் துறவிகளைத்தான் முதல் சாட்சியாக அழைப்பார். உற்றார், உறவினர், கடன்காரர், பக்கத்து வீட்டுக்காரர் எல்லாரையும் உதறிவிட்டு, இறைவனை நினைப்பது என்ற ஒரே குறிக்கோளோடு நைல் கழிமுகத்துக்கு மேற்கே பாலைவனத்தில் குடில் போட்டவர்கள் அவர்கள். அங்கே கவனத்தைக் கலைக்க மணலைத் தவிர அதிகமாக எதுவும் இல்லை. ஆனாலும் கலைந்தது.

அதை நுணுக்கமாக எழுதிவைத்தவர் போந்து நாட்டு எவாக்ரியுஸ். கான்ஸ்டான்டிநோபிளில் பெயர்பெற்ற திருத்தொண்டராக இருந்தவர். மணமான ஒரு பெண்மீது மனம் போனதால் ஊரைவிட்டே கிளம்பி, எருசலேம் வழியாக எகிப்துக்கு வந்து, கெல்லியா என்னும் துறவியர் குடியிருப்பில் 399-இல் இறக்கும்வரை வாழ்ந்தார். கவனச் சிதறலைப் பற்றி எழுத இதைவிடப் பெரிய தகுதி வேண்டியதில்லை.

மனத்தைக் கெடுக்கும் எண்ணங்கள் எட்டு என்று அவர் வகுத்தார். அவற்றில் மிகவும் படுத்துவது சோர்வு. 91-ஆம் திருப்பாடலின் கிரேக்க வடிவத்தில் வரும் நண்பகல் பிசாசு இதுதான் என்பது அவர் முடிவு. ஏறக்குறைய காலை 10 மணிக்கு வந்து பிற்பகல் 2 மணிவரை இருக்கும். அலுவலக நேரம் தெரிந்த பிசாசு. அது வந்துவிட்டால் சூரியன் நகராது. பகலுக்கு 50 மணி நேரம் இருப்பதுபோல் தோன்றும். துறவி ஜன்னலைப் பார்ப்பார், வெளியே வந்து சாப்பாட்டு வேளைக்கு இன்னும் எவ்வளவு இருக்கிறது என்று வெயிலை அளப்பார், யாராவது வருகிறார்களா என்று நாலாபக்கமும் நோட்டம் விடுவார். பிறகு அந்த இடமே பிடிக்காமல் போகும். வேறு ஊரில் இதைவிட எளிய தொழில் கிடைக்குமே, கடவுள்தான் எங்கும் இருக்கிறாரே என்று இறையியலும் துணைக்கு வரும்.

படிக்க உட்கார்ந்தவர் நிலை இன்னும் மோசம். கொட்டாவி விட்டுக் கண்ணைக் கசக்குவார். இன்னும் எத்தனை பக்கம் என்று எண்ணுவார். எழுத்து சரியில்லை, அலங்காரம் சரியில்லை என்று குறை சொல்வார். கடைசியில் நூலைத் தலைக்கு வைத்துத் தூங்குவார்.

எவாக்ரியுஸின் சிந்தனையை மேற்கே கொண்டுபோன யோவான் காசியன் இன்னொரு தந்திரத்தைக் காட்டிக்கொடுக்கிறார். இந்தப் பிசாசு யாரையும் கள்ளுக்கடைக்குக் கூப்பிடாது. தொலைவில் இருக்கும் நோயாளியைப் பார்த்துவா, ஆதரவற்ற பெண்மணிக்கு உதவிவிட்டு வா என்றுதான் சொல்லும். காசியனே ஒருமுறை சோர்வு தாங்காமல் தந்தை பவுலைப் போய்ப் பார்த்து, அதனால் விடுதலை கிடைத்ததாகத் தந்தை மோசே என்ற மூத்த துறவியிடம் சொன்னார். கிடைத்தது விடுதலையல்ல, தோல்வி என்றார் மோசே. புறமுதுகு காட்டியவனை எதிரி இனி இன்னும் உற்சாகமாகத் துரத்துவான் என்றும் சேர்த்துக்கொண்டார்.

அவர்கள் கையாண்ட மருந்துகளில் பிரமாண்டமானது ஒன்றும் இல்லை. தமிழகக் கத்தோலிக்கர் வனத்து அந்தோணியார் என்று வணங்கும் புனிதருக்கே இந்தச் சோர்வு வந்தது. அப்போது தம்மைப்போலவே ஒருவர் உட்கார்ந்து கயிறு திரிப்பதையும், எழுந்து செபிப்பதையும், மறுபடி உட்கார்ந்து திரிப்பதையும் கண்டார். வானதூதர் காட்டிய பாடம் அவ்வளவுதான். பவுல் என்ற துறவியோ சந்தையிலிருந்து ஏழு நாள் பயணத் தொலைவில் இருந்தார். முடைந்த பொருளைக் கொண்டுபோனால் வண்டிக்கூலிகூடத் தேறாது. ஆனாலும் தினமும் ஓலை முடைந்து குகையை நிரப்பினார். ஆண்டுக்கொருமுறை அனைத்தையும் கொளுத்திவிட்டு மீண்டும் தொடங்கினார். இன்றைய மேலாண்மை நிபுணர் ஒருவர் அந்தக் கணக்கைப் பார்த்தால் மயங்கி விழுவார். எவாக்ரியுஸ் தம் பங்குக்கு, எட்டு எண்ணங்களுக்கும் விவிலியத்திலிருந்தே சுடச்சுடப் பதில் சொல்ல ஏறக்குறைய 500 வசனங்களைத் தொகுத்துக் கொடுத்தார். பாலைநிலத்தில் சாத்தானுக்கு இயேசு மறைநூலாலேயே பதிலளித்ததுதான் இதற்கு முன்மாதிரி. சோர்ந்த வேளையில் மனத்தை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதி அழட்டும், மறுபாதி ஆறுதல் சொல்லட்டும் என்பதும் அவர் யோசனையே. ஆள் நடமாட்டமில்லாத இடத்தில் சிக்கனமான ஏற்பாடு.

எல்லாவற்றிலும் ஆழமானது, காசியனுக்கு மோசே சொன்ன வேறுபாடு. உழவனின் முடிவான பயன் விளைச்சல். ஆனால் இன்று அவன் கண் இருக்கவேண்டியது களையில்லாத நிலத்தின்மேல். அதுபோல் துறவியின் முடிவு இறையாட்சி, அன்றாட இலக்கு உள்ளத் தூய்மை. நோன்பும் கண்விழிப்பும் வாசிப்பும் வெறும் கருவிகள். ஒரு சகோதரர் வந்து இடையூறு செய்ததால் நோன்பு கெட்டது என்று கோபப்பட்டால், காத்தது கருவியை, இழந்தது இலக்கை. பெருஞ்செல்வத்தைத் துறந்து வந்தவர்கள் ஒரு பேனாக்கத்திக்கும் ஊசிக்கும் சண்டையிட்டதையும், தம் நூலைப் பிறர் தொடவிடாமல் கட்டிக்காத்ததையும் மோசே வருத்தத்தோடு குறிப்பிடுகிறார்.

6-ஆம் நூற்றாண்டின் இறுதியில் திருத்தந்தை பெரிய கிரகோரியார் இந்த எட்டு எண்ணங்களின் பட்டியலைத் திருத்தி அமைத்தபோது, சோர்வு தன் தனி இடத்தை இழந்து துயரத்தோடு சேர்ந்துவிட்டது. பிற்காலத்தார் அதைச் சோம்பல் என்று பெயர் மாற்றித் தலையான பாவங்கள் ஏழில் ஒன்றாக வைத்தார்கள். நோயாளியைப் பார்க்கப் பாலைவனத்தில் மூச்சிரைக்க ஓடிய துறவியைச் சோம்பேறி என்பது நியாயமான தீர்ப்பல்ல.