தொண்ணூற்றொன்பது புள்ளி

பள்ளிக்கூடத்தில் கணக்குப் பாடத்துக்கு நான் எடுத்த ஆகக் கூடிய புள்ளி நாற்பத்தெட்டு. அதனால் 2003இல் ஒரு பின்னேரம், குறிஞ்சாக்கேணியில் மாமாவின் அரிசி ஆலையில், கொம்பியூட்டர் திரையில் ‘99,99’ என்று விழுந்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஒன்றுக்கு இரண்டு தொண்ணூற்றொன்பது! மாமா ஆலையில் நின்ற அத்தனை பேருக்கும் பிளேன்டியும் ரோல்ஸும் எடுப்பித்தார்.

பரீட்சை வந்த கதை இதுதான். ஆலை கிண்ணியாவின் குறிஞ்சாக்கேணியில், அரிசிக் கடை திருகோணமலை டவுனில், இடையில் கடல். கிண்ணியாவிலிருந்து டவுனுக்குப் போக அப்போது பாலம் கிடையாது, ‘பாதை’தான். மற்ற ஊர்களில் பாதை என்றால் நடக்கிற வழி. எங்களூரில் அது மிதக்கும். கணக்குக் கொப்பியைப் பொலித்தீன் பையில் சுற்றி, சைக்கிள் கரியரில் கட்டிக்கொண்டு, ஒரு பொடியன் தினமும் பாதையேறுவான்.

2002 பெப்ரவரியில் யுத்தநிறுத்தம் வந்தது. பின்னாலேயே கைத்தொலைபேசிக் கோபுரங்களும் வந்தன. “கதைக்க ஏலுமெண்டா கணக்கு அனுப்ப ஏலாதா மருமகன்?” என்று மாமா கேட்டார். கொழும்பில் ஆறு மாதம் கொம்பியூட்டர் கோர்ஸ் படித்த குற்றத்துக்கு எனக்குக் கிடைத்த தண்டனை அது.

சிம் போடுகிற மோடம் ஒன்று வாங்கினேன். சவர்க்காரப் பெட்டி அளவு. முதுகில் ஒன்பது ஊசிச் சொக்கெட். அதோடு கதைக்கும் முறை 1981இல் அமெரிக்காவில் டெனிஸ் ஹேய்ஸின் கம்பனி விற்ற மோடத்தோடு வந்தது. எதைச் சொல்வதானாலும் ‘ஏடி’ என்று தொடங்க வேண்டும்; ‘அட்டென்ஷன்’ என்பதன் சுருக்கம். வெறும் ‘ஏடி’ என்று தட்டினால் ‘ஓகே’ என்று வரும். ஸலாத்துக்குப் பதில் ஸலாம், அவ்வளவுதான்.

இரண்டு நாள் ஸலாம் சொன்னேன். பதில் இல்லை.

பிழை வயரில். இரண்டாம் ஊசியும் மூன்றாம் ஊசியும் மாறிப் போகும் குறுக்கு வயரைக் கடைக்காரர் தலையில் கட்டியிருந்தார். அது இரண்டு கொம்பியூட்டரை இணைக்கிற வயர். கொம்பியூட்டருக்கும் மோடத்துக்கும் நேர் வயர்தான் வேண்டும். குறுக்கு வயரைப் போட்டால் இதன் வாய் அதன் வாயோடும், இதன் காது அதன் காதோடும் ஒட்டிக்கொள்ளும். இரண்டும் கத்தும், ஒன்றும் கேளாது. வயரை மாற்றியதும் ‘ஓகே’ வந்தது. அடுத்து சிக்னல் எவ்வளவு என்று கேட்டேன். அப்போது வந்ததுதான் அந்த 99,99.

ரோல்ஸ் தீர்ந்த பிறகுதான் கைநூலைத் திறந்தேன். சிக்னலுக்குப் புள்ளி 0 முதல் 31 வரைதானாம். 99 என்றால் ‘தெரியாது’ என்று அர்த்தமாம். இரண்டாவது 99க்கும் அதே அர்த்தம். அன்ரெனாவை நான் பெட்டியிலிருந்து எடுக்கவேயில்லை. எடுத்துப் பூட்டி ஜன்னலில் வைத்தேன், பதினான்கு வந்தது. வேலைக்கு அது தாராளம். ஆனால் பதினான்குக்கு யாரும் தேத்தண்ணி வாங்கித் தரவில்லை.

டவுன் கடையில் மச்சானிடமும் இதே மாதிரி ஒரு மோடம். அதற்கு அழைப்பெடுத்தேன். திரையில் ‘நோ கரியர்’.

கொப்பி கொண்டுபோகிற பொடியன் எட்டிப் பார்த்தான். “கரியர் இல்லையாமா காக்கா? என்ட சைக்கிள்ல இரிக்கே!”

சிம்முக்குக் குரல் மட்டும்தான் திறந்திருந்தது. தரவு அழைப்பைத் திறந்து, அதற்கென்று வேறொரு இலக்கமும் தரச்சொல்லித் தொலைபேசிக் கம்பனிக்கு எடுத்தேன். “டேட்டா கோல்” என்றேன். “மிஸ்ட் கோலா சேர்?” என்றார் அந்தப் பிள்ளை. பதினோராவது முறைதான் விளங்கக்கூடிய ஒருவர் அகப்பட்டார்.

இதற்கிடையில், மணி அடித்தால் தானாகவே எடுக்கும்படி இரண்டு மோடத்துக்கும் சொல்லி வைத்திருந்தேன். இது தெரியாமல் மாமி ஆலை மோடத்தின் சாதா இலக்கத்துக்கு எடுத்துவிட்டார். மோடம் எடுத்தது, ஒன்றும் பேசவில்லை. “எடுத்துப் போட்டு ஒரு ஸலாமும் இல்ல. நான் அப்பிடி என்ன செஞ்சன்?” மாமா வீட்டில் அன்றிரவு சோறு இறங்கவில்லை.

கடைசியில் ஒருநாள் ‘கனெக்ட் 9600’ என்று வந்தது. செக்கனுக்கு 9600 பிட். எழுத்துக் கணக்கில் சுமார் 960. ஒரு மாதக் கணக்கு 200 கிலோபைட். நாலு நிமிடத்துக்குள் போய்விட வேண்டும். முக்கால்வாசி போனது, மோடம் செத்தது. மூன்று நாளும் இதே கூத்து. நாலாம் நாள்தான் கவனித்தேன், ஆலையில் குத்துமிசின் மோட்டர் ஸ்டார்ட் ஆகிற நேரமெல்லாம் பல்பு மங்கியது. கரண்ட் இறங்குகிறது, மோடம் மயங்குகிறது. லொறி பெற்றரி ஒன்றை இழுத்து வந்து கொடுத்தேன். அதற்குப் பிறகு அது மயங்கவில்லை.

ஆக, கணக்கு கடல் தாண்டியது. மாமாவுக்கும் சந்தோசம்தான். ஆனால் மறுநாள் காலையில் கொப்பி வழக்கம்போலப் பொலித்தீன் பைக்குள் போனது. “மிசின் அனுப்பினது சரியாண்டு பாக்கக் கொப்பி வேணுமே” என்றார். பாதைப் பயணம் முடிய இன்னும் ஆறு வருடம் எடுத்தது. 2009இல் 396 மீற்றர் நீளப் பாலத்தைத் திறந்தார்கள். அதன் பிறகு கொப்பி மோட்டார் சைக்கிளில் போனது.

போன கிழமை மச்சான் வட்ஸ்அப்பில் ஒரு கல்யாணப் படம் அனுப்பினான். இரண்டு மெகாபைட். கண் மூடித் திறக்க முன் வந்துவிட்டது. எங்கள் மோடத்தில் அதற்கு முப்பத்தைந்து நிமிடம் பிடித்திருக்கும். அதற்குள் பொடியன் பாதையேறி அக்கரை சேர்ந்திருப்பான்.

உங்கள் வீட்டு லாச்சியிலும் இப்படி ஒரு மோடம் கிடந்து, அதை உயிர்ப்பிக்கும் ஆசை வந்தால் மூன்றே புத்திமதி. வயர் நேராக இருக்கட்டும். கரண்ட் இறங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். திரையில் 99 வந்தால் தயவுசெய்து யாருக்கும் ரோல்ஸ் வாங்கிக் கொடுக்காதீர்கள்.