ஜூஜூவாடி தாண்டினால் வரி மாறும்

கே: பில்லிங் மென்பொருளின் அமைப்புகளை ஜேசான் கோப்பிலிருந்து எஃப் ஷார்ப் ஸ்கிரிப்டுக்கு மாற்றப்போவதாகப் புதிதாகச் சேர்ந்த பையன் சொல்கிறான். விடலாமா?
- ஓர் உதிரிபாகப் பட்டறைக்காரர், ஓசூர் சிப்காட்

ப: தாராளமாக. உங்கள் ஊருக்கு இது ரொம்பவே பொருந்தும். 18 சதவீத வரி உள்ள அதே போல்ட்டைக் கிருஷ்ணகிரிக்காரருக்கு விற்றால் சிஜிஎஸ்டி 9, எஸ்ஜிஎஸ்டி 9. ஜூஜூவாடி தாண்டி அத்திப்பள்ளிக்காரருக்கு விற்றால் ஐஜிஎஸ்டி 18. இ-வே பில்லும் அப்படியே: தமிழ்நாட்டுக்குள் ஒரு லட்ச ரூபாய் வரை வேண்டாம், எல்லை தாண்டினால் 50,000-க்கு மேலேயே வேண்டும். இத்தனை 'அப்படியானால், இப்படியானால்' எழுத ஜேசானில் வழியில்லை. எழுதியது ஏன் என்று ஒரு வரி குறிப்புப் போடக்கூட அதில் இடமில்லை!

ஸ்கிரிப்டில் ஒரே ஃபங்ஷன் போதும். வாங்குபவரின் மாநில எண் 33-ஆ, 29-ஆ, பில் தேதி என்ன என்று கொடுத்தால் வரி வரும். தேதியை நீங்கள்தான் கொடுக்க வேண்டும். ஃபங்ஷன் தானாகக் கடிகாரத்தைப் பார்க்கக் கூடாது. 2025 செப்டம்பர் 22 அன்று, 28 சதவீதத்தில் இருந்த வாகன உதிரிபாகங்கள் 18-க்கு இறங்கின. அதற்கு முந்தைய பில்லை இன்று மறுபடி அச்சடித்தாலும் 28-தான் வர வேண்டும், இல்லையா?

கே: ஸ்கிரிப்டில் தப்பாக எழுதிவிட்டால்?
- சூளகிரி

ப: எண் வர வேண்டிய இடத்தில் 'பதினெட்டு' என்று எழுத்தில் எழுதினால் மென்பொருள் காலையிலேயே கிளம்ப மறுக்கும். வழியில் லாரி நிற்பதற்கு இது தேவலை. 18-க்குப் பதில் 81 என்று எழுதினால் மட்டும் கம்பைலர் கண்டுகொள்ளாது. அதற்குக் கணக்குப்பிள்ளைதான் வேண்டும்.

கே: யாமல் கோப்பு போதாதா?
- ரோஜா ஏற்றுமதியாளர், பேரிகை

ப: நார்வேக்குப் பூ அனுப்புகிறீர்களா? அந்த நாட்டுக் குறியீடான 'என்ஓ'வை, மேற்கோள்குறி போடாவிட்டால், பழைய யாமல் 'இல்லை' என்று எடுத்துக்கொள்ளும்.

கே: ஸ்கிரிப்டில் யாராவது விஷமம் செய்தால்?
- பாகலூர்

ப: நியாயமான பயம். எஃப் ஷார்ப் ஸ்கிரிப்ட் முழு நிரல். கோப்புகளை அழிக்கச் சொன்னால் அழிக்கும். வாட்ஸ்அப்பில் வந்த ஸ்கிரிப்டை ஓட்டாதீர்கள். டால் என்றொரு மொழி இருக்கிறது. அமைப்புகளுக்காகவே பிறந்தது, ஃபங்ஷன் எழுதலாம், முடிவில்லாத லூப்பில் சுற்றாது, உங்கள் கோப்புகளை அழிக்கவும் அதற்குத் தெரியாது.

கே: இதெல்லாம் புது ஃபேஷன்தானே?
- பர்கூர்

ப: 1985-இல் வந்த குனு ஈமேக்ஸுக்கு அமைப்புக் கோப்பே லிஸ்ப் நிரல்தான். பையனின் அப்பாவுக்கு அப்போது கல்யாணமே ஆகியிருக்காது.

கே: அந்தப் பையனுக்குச் சம்பளம் கூட்ட வேண்டுமா?
- மறுபடியும் சிப்காட்காரர்

ப: ஓசூரிலிருந்து எலெக்ட்ரானிக் சிட்டிக்கு அடிக்கடி பஸ் உண்டு.