இருமைப் பாடம் வரும் வரை

(அமராவதிபுதூரிலிருந்து ஒரே உறையில் வந்த கேள்விகள். ஒரே வளவுக்காரர்கள் போலிருக்கிறது. கையெழுத்துதான் வேறு வேறு.)

கே: பேத்தி பி.ஏ. முடிச்சிட்டா. மேலே பழைய கிரேக்கமும் லத்தீனும் படிப்பேங்கிறா. படிச்சு யாருகிட்டப் பேசுறது? – ஆச்சி

ப: வாடிகனில் லத்தீனில் பேசும் ஏ.டி.எம். ஒன்று வைத்திருந்தார்கள் ஆச்சி. கார்டு இருந்தால் அதனிடம் பேசலாம். மற்றபடி இது வாய்க்குப் படிக்கிற படிப்பில்லை, கண்ணுக்குப் படிக்கிற படிப்பு.

கே: பெட்டகசாலை நிறைய ரங்கூன் காலத்துப் பேரேடுகள்தான் கிடக்கின்றன. இந்த வீட்டுக்கும் கிரேக்கத்துக்கும் என்ன ஒட்டு? – அப்பச்சி

ப: பேரேடுதான் ஒட்டு! வியன்னாவில், ஆஸ்திரிய தேசிய நூலகத்தில் ஒரு பாப்பிரஸ் தாள் இருக்கிறது. கி.பி. 2ஆம் நூற்றாண்டு, கிரேக்க எழுத்து. ஒரு பக்கம் சேரர் துறைமுகமான முசிறியோடு நடந்த வியாபாரத்தின் கடன் பத்திரம். செங்கடல் கரையில் சரக்கு இறங்கியதும் ஒட்டகத்தில் ஏற்றிக் கோப்டோஸ் நகருக்கு. அங்கிருந்து நைல் நதியில் அலெக்சாந்திரியாவுக்கு. கிட்டங்கியில் கடன் கொடுத்தவர் முத்திரை விழ வேண்டும். தவணை தப்பினால் சரக்கு அவருக்கு. மறுபக்கம் ‘ஹெர்மாபொல்லோன்’ கப்பலில் வந்த சரக்கின் மதிப்பு: கங்கைச் சடாமாஞ்சில், யானைத் தந்தம் என்று வரிவரியாகப் போகிறது. அரசாங்கத்துக்கு நாலில் ஒரு பங்கு வரி. உங்கள் கண்ணுக்கு இதில் எழுத்தைத் தவிர எது புதிது?

தாள் அச்சேறியது 1985இல்; நம் அழகப்பா பல்கலைக்கழகம் பிறந்த அதே வருஷம். கடன் எழுதப்பட்டது முசிறியிலா, முசிறிப் பயணத்துக்காக எகிப்திலா? ‘கத்தா’ என்ற ஓர் இடைச்சொல்லைப் பிடித்துக்கொண்டு அறிஞர்கள் மல்லுக்கு நிற்கிறார்கள். தவணையும் வட்டியும் பேச்சுவாக்கில் கேட்டு வளர்ந்த பெண் ஒருத்தி அந்த வரியைப் படித்தால் என்ன சொல்வாள் என்று எனக்கு ஆசையாக இருக்கிறது.

கே: ரொம்பக் கஷ்டமா? – பேத்தி

ப: தமிழில் வேற்றுமை எட்டு, லத்தீனில் ஆறு, கிரேக்கத்தில் ஐந்து. அதுவரைக்கும் லாபம். ‘வந்தேன்’ என்றாலே ‘நான்’ உள்ளே இருக்கிற மாதிரி லத்தீனிலும் ‘வேனி’ என்ற ஒரே சொல் போதும். இடறுவது வேறு இடத்தில். நாம் எல்லாப் பெயருக்கும் ஒரே ‘ஐ’யை ஒட்டிவிட்டுப் போவோம். லத்தீன் பெயர்ச்சொற்கள் ஐந்து குடும்பம். ஒவ்வொரு குடும்பத்துக்கும் தனிச் சீர்வரிசை.

கே: செலவு? – மறுபடி அப்பச்சி

ப: அமெரிக்காவில் நல்ல துறைகளில் பிஎச்.டி.க்குப் பெரும்பாலும் கட்டணம் இல்லை, உதவித்தொகையும் தருவார்கள். எம்.ஏ. என்றால் பெரும்பாலும் கைக்காசு. கல்லூரியில் இந்த மொழிகளைத் தொடாதவர்களுக்கு நடுவில் ‘போஸ்ட்பாக்’ என்ற படிப்பு உண்டு. பிஎச்.டி. என்று போனால் ஜெர்மனும் பிரெஞ்சும் படிக்கத் தெரிய வேண்டும் என்பார்கள். ஒரு பெண்ணுக்குச் சீர் பேசப் போய் நாலு பெண்ணுக்குப் பேசிவிட்டு வருகிற கதை! டிக்கெட் போடுமுன் ஆறு மாதம் வீட்டிலேயே வீலாக் எழுதிய லத்தீன் புத்தகத்தோடு மல்லாடிப் பார்க்கட்டும். மூலநூல்களை ‘பெர்சியஸ்’ இணைய நூலகம் சும்மாவே தருகிறது.

கே: தமிழுக்கு இதனால் என்ன? – பேத்தியின் தமிழ் வாத்தியார்

ப: சீகன்பால்கு 1716இல் ஜெர்மனியின் ஹாலே நகரில் அச்சிட்ட தமிழ் இலக்கணம் லத்தீனில் இருக்கிறது. வீரமாமுனிவரின் கொடுந்தமிழ் இலக்கணமும் லத்தீனில்தான். குறளை லத்தீனாக்கியபோது அவர் அறத்தோடும் பொருளோடும் நிறுத்திக்கொண்டார். துறவி பாவம், மூன்றாம் பாலை என்ன செய்வார்! இதையெல்லாம் மூலத்தில் படிக்க நம்மிடம் எத்தனை பேர் இருக்கிறார்கள், ஐயா?

கே: அப்ப கல்யாணம் எப்ப? – ஆச்சி

ப: கிரேக்கத்தில் ஒருமைக்கும் பன்மைக்கும் நடுவே ‘இருமை’ என்று ஒன்று உண்டு. இரண்டு பேருக்கென்றே தனி விகுதி. அந்தப் பாடம் வரட்டும், ஆச்சி.