33 சோலி பாக்குத கத்தி

ஏலே பேராண்டி, இங்கன வந்து உக்காரு. ராத்திரி பூரா செல்போன்ல கத்தி பாத்துக்கிட்டு இருந்தியாமே? உங்க ஆச்சி பயந்துட்டா. எவன்கூடயும் வெட்டுக்குத்தான்னு எங்கிட்ட வந்து கேக்கா. நாந்தான் சொன்னேன், "பய வெட்டப் போகல, வாங்கப் போறான். எதை வாங்கன்னு தெரியாம முழிக்கான்"னு.

தினமும் பையில வச்சுக்கிட்டு அலைய ஒரு கருவி. எவ்ரிடே கேரின்னு அதுக்கு ஒரு கூட்டமே இருக்காம்லா. கத்தி, டார்ச்சு, பேனா, வாச்சு எல்லாத்தையும் மேசையில வரிசையாப் பரப்பி, மேல நின்னு போட்டோ எடுத்துப் போடுதாங்க. நிச்சயதார்த்தத் தட்டு மாதிரில்லா இருக்கு! பையில கெடக்க வேண்டிய சாமானுக்கு மேசையில என்னலே சோலி?

நீ காட்டுனியே ஒரு செவப்புக் கத்தி, விக்டோரினாக்ஸ். நல்ல சாமான்தான், குத்தஞ் சொல்ல மாட்டேன். சுவிட்சர்லாந்துல இபாக்னு ஒரு ஊரு. அங்க கார்ல் எல்சனர்னு ஒரு கத்திக்கொல்லன் 1884-ல பட்டறை போட்டான். 1891-ல அந்த நாட்டுப் பட்டாளத்துக்குக் கத்தி குடுத்தான். அதுல என்னெல்லாம் இருந்துச்சு? நேத்து நீதான எனக்குப் படிச்சுக் காட்டுன. அலகு ஒண்ணு. துளை போடுத ஊசி ஒண்ணு. டப்பா திறக்க ஒண்ணு. துப்பாக்கியக் கழத்தி மாட்டத் திருப்புளி ஒண்ணு. ஆக நாலு. சண்டைக்குப் போறவனுக்கு நாலு போதும்னு அன்னைக்கு அரசாங்கமே சொல்லிச்சு. ஏசி ரூம்ல உக்காந்து பொட்டி தட்டுத ஒனக்கு 33 வேணுமோ?

1897-ல அதே கொல்லன் இன்னொண்ணு செஞ்சான். ஆபீசர் கத்தின்னு பேரு. ஒரே வில்லுத்தகடு, ரெண்டு பக்கக் கருவியையும் இழுத்துப் பிடிக்கும். மூளைன்னா அது மூளை, அந்த எடத்துல நான் கும்பிடுதேன். ஆனா கூடுதலாச் சேந்தது என்ன? சின்ன அலகு ஒண்ணு, ஒயின் பாட்டில் தக்கையப் புடுங்குத சுருளு ஒண்ணு. பட்டாளம் அத வாங்கித் தரல. ஆபீசருமாரு சொந்தக் காசு போட்டு வாங்குனாங்க. பாத்துக்கோ, தேவைக்குக் கஜானா காசு குடுத்துச்சு, ஷோக்குக்கு அவனவன் மடிக்காசு போச்சு. பதநீயப் பட்டையில ஊத்திக் குடிச்ச நம்மூருக்காரனுக்குத் தக்கை ஏது, சுருளு ஏது?

இப்ப நீ கேக்குத அந்த 33 சோலிக் கத்தி, சுவிஸ்சாம்புக்கு வாரேன். 185 கிராம். சட்டப்பையில போட்டா தோள்பட்டையே ஒரு பக்கமா இழுக்கும். அதுல மீன் செதிலு ஒரசத் தகடு இருக்காம். நீ என்னைக்குலே மீனு ஒரசுன? கடையில வெட்டிக் கழுவி வாங்கிட்டு, அதையும் உங்கம்மா இன்னொருக்கா கழுவுதா. பூதக்கண்ணாடி வேற. என்னத்தப் பாக்க, சம்பளச் சீட்டையா?

இதாவது பரவால்ல. வெங்கர்னு இன்னொரு சுவிஸ் கம்பெனிக்காரன் 87 கருவிய ஒரே கத்தியில கோத்து, 141 சோலி பாக்கும்னு வித்தான். ஒரு கிலோவுக்கு மேல கனம். கைக்குள்ள அடங்காது, பையில போவாது. அதையும் வாங்க ஆளு இருந்துச்சு பாத்தியா!

அமெரிக்காக்காரன் ஒருத்தன் கத எனக்குப் பிடிச்சுது. டிம் லெதர்மேன். 1975-ல பொண்டாட்டியக் கூட்டிக்கிட்டு ஐரோப்பாவுல ஒரு ஓட்டைக் காருல சுத்துனான். காரு அங்கங்க படுத்துச்சு. தங்குன எடத்துல குழாய் ஒழுகுச்சு. கையில இருந்தது பேனாக்கத்தி. அடடா, இதுல ஒரு கட்டிங் பிளேயரு இருந்தா என்னன்னு தோணுச்சு. 1980-ல காப்புரிமை. 1983-லதான் விலைக்கே வந்துச்சு. அவனுக்குச் சோலி முந்தி வந்துச்சு, கருவி பிந்தி வந்துச்சு. நீ கருவிய மொதல்ல புடிச்சுக்கிட்டு, சோலியத் தேடி அலையுத. அவன் கருவிக்கு 25 வருச உத்தரவாதம்னு பூரிச்சுப் போற. போன வருசம் வாங்குன போனையே மாத்தணும்னு குதிக்கவன் நீ!

பைக்கருவின்னா என்னன்னு பாக்கணும்னா உடன்குடிப் பக்கம் போ. பனையேறி இடுப்புல ஒரு பெட்டி தொங்கும். அதுக்குள்ள பாளை அருவா. அத தினமும் பலகையில கல்லுப்பொடி தூவித் தீட்டுவான், ஏன்னா பாளையச் சீவுனா தோலு மாதிரி மெல்லிசா வரணும், கொஞ்சம் ஆழமாப் போனா பாளை பாழ். பாளைய இடுக்கி நசுக்க மரக்கட்ட ஒண்ணு. கலயத்துல பூச சுண்ணாம்பு, இல்லேன்னா பதநீ புளிச்சுக் கள்ளாயிரும். காலுல தளைநாரு. தேவையில்லாத ஒரு துரும்பையும் மரத்து மேல தூக்கிட்டுப் போக மாட்டான். எதுக்குத் தூக்கப் போறான்? அவன் கனத்தையும் சேத்து அவந்தான சொமக்கணும்.

அந்தக் காலத்து ஆளுக அரைஞாண் கயித்துல கூட ஒரு கொத்து தொங்கும். முள்வாங்கி, காதுக் குறும்பி எடுக்க ஒரு கரண்டி. உடைமுள்ளு ஏறுன காலோட நடக்க முடியுமா? நீ காட்டுன செவப்புக் கத்தியிலயும் முள்வாங்கியும் பல்லுகுத்தியும் இருக்குல்லா? வாங்குனா அதத் தொலச்சிராத. மத்தத விட அதுதான் சோலி பாக்கும். வெள்ளக்காரனுக்கும் பல்லு நம்ம பல்லுதான்.

சரி, முழிக்காத. ஒரு வழி சொல்லுதேன். காச எடுக்கதுக்கு முன்ன ஒரு துண்டுத்தாள மடிச்சு பையில வையி. எப்பல்லாம் "ஒரு கருவி இருந்தா தேவல"ன்னு நெனைக்கியோ, அப்பல்லாம் எழுது. ஒரு வாரங் கழிச்சு நான் பாக்காமலே வாசிக்குதேன், கேளு: பார்சல், பார்சல், மூக்குக்கண்ணாடித் திருகு, நகம், பார்சல். சரிதான?

இதுக்கு அதே விக்டோரினாக்ஸ்ல 58 மில்லிமீட்டரு கிளாசிக் எஸ்டி போதும். சின்ன அலகு, கத்தரி, அரம். அரத்து நுனியே சின்னத் திருப்புளி. சாவியோட கெடக்கும், நீயே மறந்துருவ. பைக்கு வச்சிருக்கியே, அதத் திறந்து பாக்குத தைரியம் இருந்தா மட்டும் பிளேயரு உள்ள லெதர்மேன வாங்கி சீட்டுக்கு அடியில போடு. மெக்கானிக்கு நம்பருதான் ஒனக்குக் கருவின்னா அதுவும் வேண்டாம்.

இன்னொண்ணு. சின்னக் கத்தியில அலகு பூட்டாது. வெறும் வில்லுதான் பிடிச்சிருக்கும். வீரங் காட்டி எதையாவது குத்துனா மடங்கி ஒன் வெரலத்தான் வெட்டும். பிளேன்ல போகைல கைப்பையில வைக்காத, சோதனையில எடுத்து வச்சுக்கிருவான். பெரிய பெட்டியில போட்டு அனுப்பு. மடங்குத எடத்துல அப்பப்ப ஒரு சொட்டு எண்ணெ விடு, அதுக்கும் வீடியோ பாத்துக்கிட்டு இருக்காத.

என்னலே, மொகம் சுண்டிட்டு? 33 சோலிக் கத்தி போச்சேன்னு வருத்தமா? அதுக்கு வச்சிருந்த காசுல சின்னது ரெண்டா வாங்கு. அந்தக் கத்தரி எம் மீசைக்கு வாட்டமா இருக்கும்.