காப்பி குடிப்பதற்கன்று

காப்பி எதற்காக உண்டானது என்ற வழக்கில், குடிப்பதற்காகத்தான் என்று உலகம் விசாரணையே இல்லாமல் தீர்ப்பு எழுதிவிட்டது. பல நூற்றாண்டுகளாகக் குடித்துவருகிறோம் என்பதைத் தவிர இத்தீர்ப்புக்கு ஆதாரம் கிடையாது. நெடுநாள் அனுபோகம் நிலத் தகராறில் செல்லும்; ஆராய்ச்சியில் செல்லாது. காப்பியின், குறிப்பாக வெந்நீரில் போட்டதும் கரைந்துபோகும் இன்ஸ்டன்ட் தூளின், முதற்பயன் கறுப்பு வெள்ளை பிலிம் கழுவுவதே என்பதும், குடித்தல் இடையில் ஒட்டிக்கொண்ட துணைப்பயன் என்பதும் இக்கட்டுரையின் துணிபு.

முதலில் வரலாற்றுச் சான்று. நியூயார்க் மாநிலத்தின் பஃபலோ நகரில் 1901-இல் நடந்த பான்-அமெரிக்கன் பொருட்காட்சியில், சதோரி காட்டோ என்ற ஜப்பானிய வேதியியலாளரின் கரையும் காப்பித் தூள் மக்கள் முன் வைக்கப்பட்டது. அதே மாநிலத்தில், சுமார் 120 கிலோமீட்டர் கிழக்கே இருக்கிறது ராச்செஸ்டர். ஈஸ்ட்மனின் ஊர், கோடாக்கின் ஊர், ஆகவே பிலிமின் ஊர். அங்குள்ள தொழில்நுட்பக் கழகத்தில் ஸ்காட் வில்லியம்ஸ் என்ற பேராசிரியரும் அவருடைய புகைப்பட வேதியியல் மாணவர்களும் காப்பியில் பிலிம் கழுவிக் காட்டியது 1995-இல். இன்று காஃபினால் என்று வழங்குவது அதுதான். ஆக, 120 கிலோமீட்டரைக் கடந்து சேரவேண்டிய இடம் சேரத் தூளுக்கு 94 ஆண்டு பிடித்திருக்கிறது. அதுவரை கையில் வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் மனிதர்கள் அதைக் குடித்துவைத்தார்கள் என்பதைவிடப் பொருத்தமான விளக்கம் தோன்றவில்லை.

அடுத்து வேதியியல். வெளிச்சம் பட்ட பிலிமில் படம் விழுந்துவிடுகிறது, கண்ணுக்குத்தான் தெரியாது. ஒளிபட்ட வெள்ளி உப்புப் படிகங்களுக்கு எலக்ட்ரானைக் கொடுத்து, அவற்றைக் கறுத்த வெள்ளி உலோகமாக்குவது டெவலப்பரின் வேலை. கோடாக் 1927-இல் கொண்டுவந்த டி-76-இல் மெட்டாலும் ஹைட்ரோகுவினோனும் இந்தத் தானத்தைச் செய்கின்றன. காப்பியில் செய்வது காஃபியிக் அமிலமும் அதன் உறவுக்காரர்களும். பென்சீன் வளையத்தில் இரண்டு ஹைட்ராக்சில் குழுக்கள் அடுத்தடுத்து உட்கார்ந்திருக்கும் இந்த அமைப்பு, பழைய இருட்டறைக்காரர்கள் டெவலப்பராகவே பயன்படுத்திய கேட்டகாலிலும் உண்டு. காரம் இருந்தால்தான் இது வேலை செய்யும் என்பதால் சலவைச் சோடா தேவைப்படுகிறது. நம் தூக்கத்தைக் கெடுக்கும் காஃபீனுக்கு இதில் பங்கே இல்லை. காஃபீன் நீக்கிய தூளிலும் படம் வரும். மனிதன் எதற்காகக் காப்பியைத் தேடுகிறானோ அது பிலிமுக்கு வேண்டாம். மனிதன் எதைக் கசப்பென்று முகம் சுளிக்கிறானோ அதுதான் பிலிமுக்கு வேண்டும். வால்பாறையிலும் ஏற்காட்டிலும் எந்தக் கொட்டை உயர்ந்தது என்று வாதிடுவோர் கவனிக்க: காஃபியிக் அமிலத்துக்குத் தாயான குளோரோஜெனிக் அமிலம், நாக்கு மெச்சும் அராபிகாவைவிட மலிவான ரோபஸ்டாவில்தான் அதிகம். விலை குறையக் குறையத் தரம் கூடும் பொருள் உலகில் வேறு உண்டா? காப்பிக் கடையில் கடைசித் தட்டில் தூசி படிந்து கிடக்கும் மட்டமான பாட்டிலே இத்துறையில் தலையாய சரக்கு.

அளவும் இதையே சொல்கிறது. புழக்கத்தில் உள்ள கலவை ஒன்றில் ஒரு லிட்டர் தண்ணீருக்கு நீரற்ற சலவைச் சோடா 54 கிராம், வைட்டமின் சி 16 கிராம், காப்பித் தூள் 40 கிராம். 20 டிகிரியில் 15 நிமிடம். ஆளுக்கு 2 கிராம் என்று வைத்தாலும் இது இருபது பேர் குடிக்கும் காப்பி. இவ்வளவையும் மறுபேச்சில்லாமல் ஏற்கும் வாடிக்கையாளர் எவரோ அவருக்காகவே சரக்கு உண்டானது என்று கொள்வதே நியாயம். சோடாவில் மட்டும் கை தவறக்கூடாது. ஆப்பச் சோடாவின் காரம் இதற்குப் போதாது. படிகமாக விற்கும் சலவைச் சோடாவோ எடையில் ஐந்தில் மூன்று பங்குக்கு மேல் தண்ணீர். அதில் 54 கிராமுக்கு ஈடாக 146 கிராம் போடவேண்டும். காப்பியில் தண்ணீர் கலப்பவரைத் திட்டும் சமூகம் சோடாவில் இருக்கும் தண்ணீரைக் கேட்பதே இல்லை.

இனி ஆட்சேபங்கள். வேலையெல்லாம் வைட்டமின் சி செய்ய, பெயர் மட்டும் காப்பிக்கா எனின், அற்றன்று. வைட்டமின் சி பின்னால் வந்து சேர்ந்தது; அது இல்லாமலே, நேரம் கூடினாலும், படம் வந்திருக்கிறது. இரண்டும் சேரும்போது தனித்தனி பலத்தின் கூட்டுத்தொகையைவிட அதிகமாக உழைக்கின்றன. டி-76-இன் மெட்டால், ஹைட்ரோகுவினோன் ஜோடியும் அப்படித்தான், அதற்காக யாரும் மெட்டாலைக் குறைசொல்வதில்லை. காப்பி படத்தைக் கொண்டுவருமேயன்றி நிலைநிறுத்தாதே, அதற்கு ஹைப்போவைக் கடையில்தானே வாங்கவேண்டும் எனின், உண்மை. வெள்ளி உப்புகளை ஹைப்போ கரைக்கும் என்று ஹெர்ஷல் 1819-இலேயே கண்டுவிட்டார். அவர் முடித்த வேலையைக் காப்பி மறுபடி செய்யவேண்டிய அவசியம் என்ன? பில்டர் டிகாஷன் உதவாதா என்று நம்மவர் கேட்பர். உதவும், ஆனால் முதல் டிகாஷனும் இரண்டாம் டிகாஷனும் ஒரே திடமாக இருக்காது, தூளில் சிக்கரி எத்தனை பங்கு என்பதையும் கணக்கிடவேண்டும். இன்று வந்த படம் நாளையும் அப்படியே வரவேண்டுமென்றால் ஒரே மாதிரி தூள் தேவை. நாற்றம்? சோடாவும் காப்பியும் சேர்ந்தால் எழும் அந்த வாடையை நியாயப்படுத்த முடியாதுதான். ஆனால் அதை முகர்ந்தபின் ஒருவரும் தொட்டியில் இருப்பதை ஒரு வாய் கேட்பதில்லை. எது யாருடையது என்ற எல்லைத் தகராறு அத்தோடு தீர்கிறது.

ஓர் ஆட்சேபம் மட்டும் உறுத்துகிறது. காய்ச்சலுக்குப் போடும் பாராசிட்டமாலைக் காரத்தில் ஊறவைத்தால் பாரா-அமினோஃபீனால் கிடைக்கும். ஆக்ஃபா 1891-இல் விற்கத் தொடங்கிய ரோடினால் என்ற டெவலப்பரின் உயிர்ச்சத்து அதுவே. மாத்திரையில் பிலிம் கழுவுவோரும் இருக்கிறார்கள். அப்படியானால் மாத்திரையின் முதற்பயனும் பிலிம்தானா, காய்ச்சல் குறைவது தற்செயலா என்று கேட்டால், வாதத்தின் போக்குப்படி ஆம் என்றே சொல்லவேண்டியிருக்கிறது. தேநீரிலும் சிவப்பு ஒயினிலும் பீரிலும் கழுவிக் காட்டியவர்களும் உண்டு. தேநீரையும் ஒயினையும் இக்கொள்கைக்குள் அடக்குவதில் சிரமமில்லை. பீர் விஷயத்தில் மட்டும், ஆய்வுக்கென்று வாங்கிய புட்டி முழுவதும் தொட்டிக்குள் போனதா என்பது உறுதிப்படும்வரை அந்த முடிவுகளை ஏற்பதற்கில்லை.